உயிரோடிருக்கிற இங்கேலாவுக்கு ஒரு கல்வெட்டு

கண்டாவளையில் மச்சாள் வீட்டுப் படலையைத் தள்ளித் திறந்தபோது எனக்கு இந்த உலகத்தில் ஒரு பாய் மட்டும்தான் வேண்டியிருந்தது. விமானத்திலும் பஸ்ஸிலும் மடங்கிக் கிடந்த முழங்கால் இரண்டும் நிமிர மாட்டோம் என்றன. முப்பது வயதில் ஊருக்கு வருவது வேறு, ஐம்பத்தெட்டில் வருவது வேறு.

"பாயெல்லாம் பேந்து. முதல்ல சாப்பிடு" என்றா மச்சாள். என் அண்ணனின் மனைவி. அண்ணன் காலமான பிறகு வயலைத் தனி ஆளாகச் செய்கிறா. இடியப்பம், சொதி, சம்பல், அதோடு நாயாற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர் காலையில் கொடுத்துவிட்டுப் போன இறால். சுவீடனில் இறாலைக் குளிரவைத்து, பாண் துண்டுக்கு மேலே அடுக்கி, வெள்ளையாக ஏதோ பூசித் தருவார்கள். முப்பது வருடமாகச் சாப்பிடுகிறேன். யாரோ சமைக்க மறந்துபோன இறால் என்றுதான் நாக்கு இன்னும் சொல்கிறது.

"இந்தமுறை என்ன அலுவலா வந்தனி வசந்தி?"

"ஒரு புத்தகம் அடிக்க."

"உனக்கென்ன விசரே? புத்தகம் அடிக்கவோ சுவீடனிலையிருந்து கிளிநொச்சிக்கு வந்தனி? அங்கை அச்சுக்கூடம் இல்லையே?"

சொல்லத்தான் வேண்டும். நான் அங்கே செய்வது வயது போனவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிற வேலை. குளிக்க வார்ப்பது, குளிசை கொடுப்பது, கட்டில் விரிப்பு மாற்றுவது. ஒரு நாளைக்குப் பதினைந்து கதவு தட்டுவேன். பதினொரு வருடமாக அதில் ஒரு கதவு இங்கேலாவுடையது. நாடகமும் நாவலும் எழுதினவ. ஒரு காலத்தில் அவாவின் நாடகம் போடாத அரங்கு அந்த நாட்டில் குறைவு. இப்போது எண்பத்தெட்டு வயது, பராமரிப்பு இல்லத்தில் சன்னலோரக் கட்டில்; வேலை முடிந்ததும் அங்கேயும் போவேன். நத்தார்ப் பண்டிகையைத் தாண்டினதே பெரிய காரியம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

மச்சாள் கையை நீட்டி என்னை நிறுத்தினா. "எண்பத்தெட்டு வயசு மனுசியைப் பேர் சொல்லியோ கூப்பிடுறனீ?"

"அங்கை எல்லாரும் அப்பிடித்தான் மச்சாள். பிரதமரையும் பேர் சொல்லித்தான்."

"பிரதமரைக் கூப்பிடு. வயசு போன மனுசியைக் கூப்பிடாதை." அன்றிலிருந்து மச்சாளின் வாயில் அவா இங்கேலாம்மா ஆகிவிட்டா.

நான் கொண்டுவந்தது இங்கேலாவின் ஒரு நாடகம். 'உருளைக்கிழங்கு அவியும் வரை' என்று பெயர். ஒரு குசினி, ஒரு அம்மா, ஒரு மகள். மேடையில் உண்மையான அடுப்பு இருக்க வேண்டும், உண்மையான கிழங்கு அவிய வேண்டும். உலை வைக்கும்போது கதை தொடங்கும், கிழங்கு அவிந்ததும் முடியும். அவ்வளவு நேரமும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கதைப்பார்கள். நடுவில் மகள் சொல்வாள்: "உன்னைப்போல வந்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் நான் பிள்ளை பெறவில்லை."

அந்த வசனத்தை இங்கேலா கற்பனை பண்ணவில்லை. அவாவின் ஒரே மகள் லேனா, உண்மையான குசினியில், உண்மையான அடுப்படியில் நின்று அம்மாவிடம் சொன்ன சொல் அது. அரங்கேற்றத்தன்று லேனா இரண்டாவது வரிசையில் இருந்தாளாம். மேடையில் ஒரு நடிகை தன் சொல்லைச் சொன்னதும் எழும்பி வெளியே போனவள்தான். இருபத்தாறு வருடம். இங்கேலா போட்ட கடிதங்கள் திறக்காமலே திரும்பி வந்து ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கிடக்கின்றன. நான்தான் அந்தப் பெட்டியைத் தூசி தட்டுவேன்.

தலை வாரிவிடுகிற நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாடகத்தைத் தமிழாக்கினேன். நான் தமிழில் வாசிக்க, ஒரு சொல்லும் விளங்காமல் இங்கேலா கண்ணை மூடிக்கொண்டு கேட்பா. "நல்லாயிருக்கு. மூடி துள்ளுற சத்தம் கேக்குது" என்பா. கடைசியில் ஒருநாள் சொன்னா: "இதை இங்கை இனி ஆரும் அடிக்கக்கூடாது. இங்கை எல்லாருக்கும் அது ஆரின்ரை வாய் எண்டு தெரியும். உன்ரை ஊரிலை அடி. உங்கட ஆக்களுக்கு அது ஏதோ ஒரு அம்மா, ஏதோ ஒரு மகள். லேனாவுக்கு நோகாத ஒரு புத்தகம் என்ரை கையிலை இருக்கவேணும், போகமுதல்." என் விடுமுறை இரண்டு கிழமை. அதற்குள் அடித்து, கொண்டுபோய், அந்தக் கையில் வைக்க வேண்டும். இதுதான் அலுவல்.

"சரி, அதை முதல்ல சொல்லியிருக்கலாமே" என்று மச்சாள் இன்னும் மூன்று இடியப்பம் வைத்தா.

அடுத்த நாள் கிளிநொச்சிக்கு ஆட்டோ. மாசி மாதம், அறுவடைக் காலம். தார் ரோட்டின் பாதியில் நெல் காய்கிறது, மிச்சப் பாதியில் எதிரே வருகிற உழவு இயந்திரம். ஆட்டோக்காரத் தம்பி நெல்லிலும் ஏறாமல், உழவு இயந்திரத்திலும் முட்டாமல் வளைத்து வளைத்து ஓட்டினான். கடைசியில் ஒரு ஆணியில் ஏறினான். சில்லு மாற்றும்வரை நான் நெல்லுக்குக் காவல் நின்றேன். "அக்கா, மாடு வந்தா மட்டும் கலையுங்கோ" என்று யாரோ ஒரு வீட்டுக்காரி வாசலில் நின்று எனக்கு வேலை கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டா. சுவீடனில் பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். எனக்கு அந்த மன்னிப்பும் அலுத்துவிட்டது, இந்த ஆணியும் அலுத்துவிட்டது.

அச்சகம் பிரதான வீதிக்குப் பின்னால். உரிமையாளர் குலம், பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவர். சுவர் முழுக்கக் கலியாண அழைப்பிதழ் மாதிரிகளும் கண்ணீர் அஞ்சலி மாதிரிகளும். நான் கொடுத்த நாடகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"அடிக்கலாம் அக்கா. ஆனா ஆசிரியரின்ரை வாழ்க்கை வரலாறு இல்லாட்டிப் புத்தகம் மொட்டையா இருக்கும்."

"குலம், அவா கடைசிக் கட்டம். எனக்குக் கெதியா வேணும்."

அவர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார். "விளங்குது அக்கா. பிந்தவிட மாட்டன். எங்கட லெட்சுமி இருக்கிறா, நெடுங்கேணிப் பக்கம். எங்களுக்கு எழுதுறதெல்லாம் அவாதான். நீங்கள் போய் விபரத்தைச் சொன்னாக் காணும். நாடகத்தையும் ஒரு பிரதி குடுங்கோ."

லெட்சுமி உங்களுக்கு வழக்கமாக என்ன எழுதித் தருகிறா என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரம் எனக்கு ஒரு தேத்தண்ணிதான் தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் நெடுங்கேணிக்குப் போன கதையைச் சொன்னால் இன்னும் களைப்பு வரும். முறிகண்டியில் பஸ் வழக்கம்போல் நின்றது. எல்லாரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, கச்சான் கடலைச் சரையோடு ஏறினார்கள். ஏறினபிறகு பஸ் கிளம்ப மறுத்தது. "ஆம்பிளையள் எல்லாரும் இறங்கித் தள்ளுங்கோ" என்றார் கொண்டக்டர். எனக்கு முன் சீற்றில் இரண்டு சிங்கள வியாபாரிகள். ஒருவர் மற்றவரிடம் தங்கள் மொழியில், "பிள்ளையாரும் சேர்ந்து தள்ளினாத்தான் இது ஓடும்" என்றபடி இறங்கிப் போனார். புளியங்குளத்தில் மாறி, நெடுங்கேணியில் இறங்கி, கடைசி மூன்று கட்டை தூரம் உழவு இயந்திரப் பெட்டியில் உரப்பைகளோடு குந்திக்கொண்டு போனேன். எழும்பியபோது சாறி முழுக்க உரம்.

லெட்சுமிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து காட்டோரமாகக் குடியிருந்தவர்கள். இவா பிறந்தது இங்கேதான், பேச்சு மட்டும் இன்னும் அந்தப் பக்கத்துப் பேச்சு. பிடுங்கின கச்சான் செடி குவியலாகக் கிடந்தது. செடியை உதறி உதறிக் காயை ஆய்ந்துகொண்டே கேட்டா, நானும் பக்கத்தில் குந்தி ஆயத் தொடங்கினேன். மடியில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி.

"அப்பா என்ன தொழிலுங்க?"

"வடக்கிலை, காட்டுக்குள்ளை. வெட்டின மரத்தை ஆத்திலை மிதக்கவிட்டு இறக்கிற வேலை. மரத்துக்கு மேலயே நடந்து போவினம்."

"வழுக்காதா?"

"வழுக்கித்தான் செத்தவர். இவாவுக்கு அப்ப ஒன்பது வயசு."

லெட்சுமி உச்சுக்கொட்டிவிட்டு எழுதினா. அம்மா மரம் அரிகிற ஆலைக்காரருக்குப் பாண் சுட்டு விற்றதையும், இங்கேலா பதினேழு வயதில் நகரத்துக்கு வந்து தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்ததையும், அங்கே காதில் விழுந்த ஆட்களின் கதைகளை வைத்தே வானொலிக்கு நாடகம் எழுதத் தொடங்கியதையும் சொன்னேன். முதல் நாவல் பிறந்த ஊர்ப் பெண்களைப் பற்றியது. ஊர்க்காரர் அதை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டார்கள். அதற்குப் பிறகு அவா அந்த ஊருக்குப் போகவில்லை.

"இருந்த ஆளுங்களையேவா எழுதினாங்க? பேரோடயா?"

"பேரை மாத்தி."

"பேர மாத்துனா ஆளு மாறிருமா அக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த செடியை எடுத்தா. "கலியாணம்?"

"ரெண்டு. ரெண்டும் நிலைக்கேல்லை."

"ஒன்னு போதும்ங்க, எடமில்ல. புள்ளைங்க?"

"ஒரு மகள். வேற ஊரிலை இருக்கிறா."

"அம்மா மேல பாசமா?"

வெயில் உச்சியில் நின்றது. அந்தச் சப்பாத்துப் பெட்டியையும், இரண்டாவது வரிசையையும், இருபத்தாறு வருடத்தையும் இந்தக் கச்சான் குவியலுக்குப் பக்கத்திலிருந்து யார் விளக்கிக்கொண்டிருப்பது? "ஓம்" என்றேன். "நல்ல பாசம்."

லெட்சுமி என்னை ஒருதரம் பார்த்தா. கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை.

பிறகு ஒரு கிழமை காத்திருப்பு. வயலுக்கு வெட்டுமெசின் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மச்சாளும் காத்திருந்தா, புத்தகத்துக்காக நானும் காத்திருந்தேன். நடுவில் எனக்கு வயிற்றாலை போய் இரண்டு நாள் கட்டிலில். மச்சாள் கஞ்சியோடு வந்து, "ஊர்த் தண்ணியே ஒத்துவராத ஆளாய்ப் போனாய்" என்று பேசிக்கொண்டே நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. மற்றவர்களுக்குக் கஞ்சி பருக்கிப் பருக்கி, எனக்கு யாராவது பருக்கினால் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வயிற்று நோ என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒவ்வொரு நாளும் மத்தியானம் இங்கேலாவுக்கு அழைப்பேன். அங்கே அப்போதுதான் காலைச் சாப்பாடு முடிந்திருக்கும். "அடிச்சாச்சோ?" என்பதுதான் முதல் கேள்வி. குரல் நாளுக்கு நாள் மெலிந்தது. கரண்டி பிடிக்கக் கை உதவவில்லையாம். "புத்தகம் பாரமோ?" என்று கேட்டா. "இல்லை, மெல்லிசு" என்றேன். "அப்ப பிடிப்பன்" என்றா.

பத்தாம் நாள் குலம் கூப்பிட்டார், போனேன். நூறு பிரதி கயிறு போட்டுக் கட்டி அழகாக வைத்திருந்தார். அட்டையில் அடுப்பும் பானையும். நாடகத்தின் பக்கங்கள் சுத்தமாக வந்திருந்தன. கடைசி எட்டுப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் இங்கேலாவின் படம். கீழே, தோற்றம் என்று போட்டு அவா பிறந்த திகதி. அதற்குப் பக்கத்தில், மறைவு என்று போட்டு ஒரு வரிசை புள்ளி.

இங்கே செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள், வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். செத்தவரின் வரலாறும், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று பாட்டுகளும் இருக்கும். கல்வெட்டு என்பது அதன் பெயர். குலம் இங்கேலாவுக்கு அடித்திருந்தது கல்வெட்டு.

"குலம்! ஆள் உயிரோடை இருக்குது!"

குலம் எழும்பி நின்றார். "என்ன அக்கா சொல்லுறியள்?"

"நேற்றும் என்னோடை கதைச்சவ! விசரோ உங்களுக்கு? ஒரு ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கேக்கை குத்துவிளக்கு அடிப்பியளோ? நான் என்னண்டு இதை அவாவின்ரை கையிலை குடுக்கிறது?"

"கத்தாதேங்கோ அக்கா, ஆக்கள் பாக்கினம். நீங்கள்தானே கடைசிக் கட்டம், கெதியா வேணும் எண்டனீங்கள்? நான் முப்பத்தொண்டுக்கு எண்டு நினைச்சிட்டன். இருபது வருசமா இந்த அச்சகத்திலை வரலாறு எண்டு அடிச்சது எல்லாம் போன ஆக்களுக்குத்தான். உயிரோடை இருக்கிற ஆளுக்கு இங்கை ஆர் வரலாறு எழுதுறது?" பிறகு தணிந்த குரலில், "திகதி தெரியாததாலை இடம் விட்டனான். பேனையாலை எழுதலாம் எண்டு."

கோபத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. உயிரோடிருக்கும்போது எங்களில் ஒருவருக்கும் வரலாறு கிடையாதுதான், அந்த மனிசன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் என் பிரச்சினை அது இல்லையே. நாளை மறுநாள் நான் கிளம்ப வேண்டும்.

"கடைசி எட்டுப் பக்கத்தையும் கிழிச்சுத் தாங்கோ."

"கிழிக்கலாம். ஆனா நடுவிலை கம்பி அடிச்ச புத்தகம் அக்கா. கடைசி எட்டைக் கிழிச்சா முதல் எட்டும் கழண்டு வரும். உங்கட அம்மா உலை வைக்கிற இடமே இருக்காது." திருப்பி அடிக்கவும் நாளில்லை. குலம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "லெட்சுமி நல்லாத்தான் எழுதியிருக்கிறா. மகள் புலம்பல் வாசிச்சு நானே அழுதிட்டன்."

மகள் புலம்பல். நான் சொன்ன "ஓம், நல்ல பாசம்" அச்சில் ஏறிவிட்டது. லேனாவுக்கு நோகக்கூடாது என்று ஏழு கடல் தாண்டி வந்து, லேனாவின் வாயில் யாரோ இரவல் கண்ணீரைத் திணித்து நூறு பிரதி அடித்தாயிற்று. எங்கள் ஊரும் அவளைக் கேட்காமல் அவள் வாயை எடுத்துவிட்டது.

அந்தப் பக்கத்தை அதற்குமேல் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த நாள் காலை ஒரு பிரதியைத் தோள் பையில் போட்டுக்கொண்டு நெடுங்கேணிக்கு பஸ் ஏறினேன், லெட்சுமியை நல்ல கிழி கிழிப்பதற்கு. வழி முழுக்க என்ன சொல்லிப் பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். உழவு இயந்திரமும் கிடைக்கவில்லை. மூன்று கட்டையும் நடை. போய்ச் சேர்ந்தபோது பேசுவதற்கு மூச்சு மிஞ்சவில்லை.

லெட்சுமி செம்பில் தண்ணி தந்தா. நான் புத்தகத்தை அவா மடியில் போட்டேன். "ஆள் சாகேல்லை" என்றேன்.

அவாவின் கை வாய்க்குப் போனது. "ஐயோ மாரியாத்தா! குலம் சார் அப்படி சொல்லலியே. உசுரோட இருக்கிறவங்களுக்கா ஒப்பாரி எழுதிட்டேன்?" கண் கலங்கிவிட்டது. கொண்டுவந்த பேச்செல்லாம் எனக்குப் பாதியில் அறுந்தது.

"நானும் பொய் சொன்னனான் லெட்சுமி. மகளுக்கும் அவாவுக்கும் கதை பேச்சில்லை. இருபத்தாறு வருசம். நீங்கள் என்ரை பொய்யை நம்பி எழுதிப்போட்டியள்."

"நம்பலைங்க."

"என்ன?"

"நீங்க ஓம்னு சொன்ன விதமே சரியில்ல. அப்புறம் நாடகத்த ரெண்டு தரம் படிச்சேன். ஒரு அம்மாவும் மகளும் அம்புட்டு நேரம் மொகத்தப் பாக்காமப் பேசுறாங்கன்னா, எழுதின கைக்கு ஒரு மக இருக்கா, அவ கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா. அதத்தான் எழுதினேன். நீங்க இத வாசிக்கவே இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன். லெட்சுமி புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. கச்சான் காயை ஆய்ந்தபடி, குரலை எழுப்பாமல் சொன்னா:

"அடுப்பிலே உலைவைத்து ஆறுதலாய்க் கேட்பாயென்று
அடிமனத்துச் சொல்லெடுத்து அம்மா உன் கைதந்தேன்
கைதந்த சொல்லையெல்லாம் கடைத்தெருவில் வைத்தாயே
ஊர்பார்க்க வைத்தாயே, உன்மகளைக் கேட்டாயோ

எழுதி எழுதி வைத்தாயே, எழுந்தொருநாள் வந்தாயோ
வந்துநீ தட்டியிருந்தால் வாசல் திறவேனோ
கோபித்துப் போனமகள் கூப்பிட்டால் வாராளோ
கிழங்கவிந்து போச்சுதம்மா, கிட்டவந்து குந்தம்மா"

"நீங்கள் அவாவைத் திட்டியெல்லோ வைச்சிருக்கிறியள்" என்றேன்.

"திட்டாம அழுதா அது அழுகையா அக்கா? உசுரோட இருக்கையில சொல்ல முடியாதத சொல்றதுக்குத்தானே ஒப்பாரி." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. "ஆனா இந்த அம்மா உசுரோடல்ல இருக்காங்க. அப்ப இன்னும் நேரம் இருக்கே அக்கா. படிச்சுக் காட்டுங்க."

அந்தக் காட்டோரத்தில் தொலைபேசி எடுபடாது. புத்தகத்தைத் திரும்ப வாங்கி, வாசித்தபடியே நடந்து சந்திக்கு வந்து, பஸ் நிற்கிற மரத்தடியில் நின்று அழைத்தேன். மத்தியானம் பன்னிரண்டரை. ஒரு பெரியவர் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு நின்றார், இரண்டு பெண்கள் சந்தைப் பையோடு குந்தியிருந்தார்கள்.

"அடிச்சாச்சோ?" என்றா இங்கேலா.

"அடிச்சாச்சு. ஆனா ஒரு பிழை நடந்திட்டுது." எல்லாவற்றையும் சொன்னேன். குத்துவிளக்கு, புள்ளி வரிசை, கம்பி, ஒன்றையும் மறைக்கவில்லை. என் "ஓம்" உட்பட.

பிறகு இருமல் மாதிரி ஒன்று கேட்டது. சிரிக்கிறா என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "ஆக, நான் செத்துப்போனன். எப்பிடி எழுதியிருக்கினம்?"

"நல்லா. உங்கட ஒரு கலியாணத்தைத்தான் போட்டிருக்கு. இடமில்லையாம்."

"எந்தக் கலியாணம்?"

"அது சொல்லேல்லை."

"நல்ல எழுத்தாளர்" என்றா.

பிறகு மகள் புலம்பலை வரி வரியாகச் சுவீடிஷில் சொன்னேன். சந்தியில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு. பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லேனா எழுதினதோ?"

அந்தக் குரலில் இருந்த ஆசையை நான் என் காதில் இருந்து எடுக்கவே முடியாது. ஓம் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஏற்கெனவே ஒருதரம் சொன்ன ஓம் போதும் என்று நினைத்தேன்.

"இல்லை இங்கேலா. இங்கை கச்சான் செய்யிற ஒரு மனுசி. லேனாவை அவாவுக்குத் தெரியாது."

"எழுந்தொருநாள் வந்தாயோ எண்டு கேக்கிறாள்" என்றா இங்கேலா. "இனி எழும்ப ஏலாதே வசந்தி."

"நான் போய்த் தட்டுறன். கதவு தட்டுறதுதானே என்ரை தொழில். இதைச் சுவீடிஷிலை எழுதிக்கொண்டு போறன். ஆர் எழுதினது எண்டும் சொல்லுறன்."

"திறக்கமாட்டாள்."

"திறக்காட்டி வெளியிலை நிண்டு வாசிக்கிறன். பக்கத்தைக் கிழிக்கவோ, விடவோ?"

"கிழிக்காதை. அந்தப் புள்ளி வரிசையும் கிடக்கட்டும், அதை நீ பிறகு நிரப்பு." மூச்சு வாங்கினா. திரும்பப் பேசியபோது எனக்குத் தெரியாத ஒரு குரல் வந்தது, அரங்குகளில் நடிகர்களை உருட்டின குரலாக இருக்கவேண்டும். "ஆனா நீ வாசிக்கிற விதம் சரியில்லை. திட்டுற இடத்திலை எனக்கு மரியாதை குடுக்கிறாய். லேனா அப்பிடித் திட்டமாட்டாள். முதல்ல இருந்து வாசி."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. வாசித்தேன். "இன்னும்" என்றா. பஸ் வந்து நின்றது. "அக்கா, ஏறுறியளோ?" என்று கொண்டக்டர் கத்தினார். போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். மூன்றாந்தரம், நெடுங்கேணிச் சந்தியில், ஆட்களெல்லாம் திரும்பிப் பார்க்க, அந்தக் கிழவியைத் தொண்டை கிழியத் திட்டினேன்.

"ஓம்" என்றா இங்கேலா. "இது அவள்தான். இன்னொருக்கா."